எழுபத்தொரு கிரெயின்

"இன்னா மங்கை, நண்டு கூடைய விட்டு ஓடுது பாரு. உன் வூட்டுக்காரர இட்டாந்து துப்பாக்கிய நீட்டச் சொல்லேன். அப்டியே நின்னுடும்."

"நண்டு எங்கடி நிக்கும், உதயா? அவருதான் நிப்பாரு" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

நெட்டுக்குப்பத்து மீன் கடைகளில் ஒரு சிரிப்பு கிளம்பினால் கடைசிக் கூடை வரைக்கும் போய்த்தான் திரும்பும். அன்றைக்கும் போய்த் திரும்பியது. மங்கை தலையைத் தூக்கவில்லை. மடவை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். செதில் தீர்ந்து தோல் கிழிய ஆரம்பித்த பிறகும் சுரண்டினாள்.

"ம்மா, போதும்மா. அது நான் வாங்கின மீனு" என்றார் எதிரே பையோடு நின்றவர்.

உதயா ஒன்றும் இட்டுக்கட்டிப் பேசவில்லை. ஊரே கண்ணால் பார்த்ததைத்தான் பேசினாள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய செம்புக் கம்பி வாங்கி விற்கும் கிடங்கு ஒன்று இருந்தது. மங்கையின் புருஷன் சுப்புராயன் அங்கே கன்மேன். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், சொந்த ரிவால்வர், சொந்த லைசென்சு. அவருக்குத் துணையாக வாட்ச்மேன் பொன்ராஜ், அதே குப்பத்துக்காரர். ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை செம்பைத் தூக்க நாலு பேர் கத்தியோடு சுவரேறி வந்தார்கள். பொன்ராஜ் தடியோடு முன்னால் போனார். சுப்புராயன் பின்னால் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். நின்றார், அவ்வளவுதான். பொன்ராஜ் குத்துப்பட்டு விழுந்தார். நாலு பேரையும் அந்த வாரமே பிடித்து விட்டார்கள். ஆனால் கிடங்கின் கேமராவில் பதிந்த வீடியோவை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. குப்பத்தில் அது ஏறாத போன் இல்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, மரம் மாதிரி நிற்கும் சுப்புராயனை எல்லாரும் பார்த்தார்கள்.

அந்த வீடியோவுக்குச் சத்தம் கிடையாது.

போலீசும் அதையே எழுதிக்கொண்டது. ரிவால்வரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஆறு தோட்டா அப்படியே இருந்தது. விசையை அழுத்தியிருந்தால் தோட்டாவின் முதுகில் ஊசி குத்திய தடம் இருக்க வேண்டும். ஒன்றிலும் இல்லை. ஆள் பயத்தில் உறைந்து போனான் என்று முடிந்தது.

விற்காத நண்டைக் கூடையோடு தூக்கிக்கொண்டு மங்கை வீட்டுக்கு வந்தாள். சுப்புராயன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அமுக்கினியா, அமுக்கலியா?"

"வுடு மே."

"எத்தினி நாளைக்கி வுடறது? ரேசன் கடையில இடம் வுட மாட்றாளுங்க. 'உன் புருசன் நின்னா மாதிரி பின்னாடி நில்லு'ன்றாளுங்க. பயந்துட்டேன்னு சொல்லு, நானும் கேட்டுகினு போறேன். பயம் யாருக்குத்தான் வராது? வாயத் தொறந்து சொல்லேன்யா."

அவர் எழுந்து சவர டப்பாவைத் திறந்தார். சோப்புக்கு அடியில் இருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சின்னதாக, செம்பு நிறமாக, மொழுமொழு என்று ஒரு தோட்டா.

"பின்னாடி பாரு."

தோட்டாவின் முதுகில், நடுவட்டத்தில், எறும்பு உட்கார்ந்தாற்போல ஒரு சின்னப் பள்ளம்.

"அமுக்கினேன் மே. மூணு வாட்டி அமுக்கினேன். டிக்கு டிக்குனு சத்தம்தான் வந்துச்சு."

மங்கை கீழே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப போலீசு டேசன்ல தொறந்து பாத்தது?"

"அது வேற தோட்டா."

பிறகு அவர் சொன்னது இது. புயல் வெள்ளத்தில் ஆலை எண்ணெய் கலந்த தண்ணீர் குப்பத்துக்குள் புகுந்ததே, அப்போது அவருடைய தோட்டாப் பெட்டியும் அதில் ஊறியது. புதுசு வாங்கப் போனால், லைசென்சு புதுப்பிக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை, வந்த பிறகுதான் என்றுவிட்டார்கள். கிடங்கு முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கும் லைசென்சு உண்டு, ஆனால் அவரிடம் இருப்பது பிஸ்டல். "உன்னுதும் முப்பத்திரெண்டு போர்தான, என்னுதும் முப்பத்திரெண்டுதான், குழா அளவு ஒண்ணு. ஆறு எடுத்துக்க. நீ சுடவா போற? பாத்தாலே ஓடிடுவானுங்க" என்று தன் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

"நீயும் வாங்கிகினியா? பட்டாளத்துல இருந்த மன்சன்?"

"பட்டாளத்துல குடுத்தத போட்டோம், சுட்டோம். யாரு இது இன்னா அது இன்னான்னு கேட்டது? கையில வாங்கசொல்லவே லேசாத்தான் இருந்துச்சு மே. உருளைக்குள்ள போட்டேன், நல்லா உள்ள போயி குந்திகிச்சு. போட் இன்ஜின்ல லாரி போல்ட்டு மாட்றது இல்லியா? நம்ம ஊர்ல எது பொருந்துதோ அதான மாட்டுவோம். பொருந்துச்சு. சரின்னு உட்டுட்டேன்."

"அப்பால?"

"பொன்ராசு வுழுந்த ஒடனே முதலாளிக்குத்தான் போன் போட்டேன். போலீசுக்கு முந்தி அவரு வந்துட்டாரு. 'என் தோட்டா உன் துப்பாக்கில இருந்தா ரெண்டு பேரும் உள்ள போவோம். எடு, எடு'ன்னாரு. கேமரா இல்லாத ஆபீசு ரூமுல கொட்டினேன். ஒண்ணு மட்டும் வர்ல, உள்ளயே மாட்டிகிச்சு. அவரு அவசரத்துல எண்ணல. அவருக்குக் காட்ட எடுத்தாந்து மேசையில கெடந்த என் பழைய தோட்டாவ எடுத்து ரொப்பச் சொன்னாரு. ரொப்பசொல்ல மாட்டிகினத குச்சி வுட்டு தள்ளி ஜோபில போட்டுகினேன்."

"அவரு சொன்னாருன்னு நீ செஞ்ச."

"பொன்ராசு ரத்தம் கால்ல கீது மே. அப்ப யாரு இன்னா சொன்னாலும் செஞ்சிருப்பேன்."

மங்கை தோட்டாவை விரலால் உருட்டினாள். இத்தனூண்டு உலோகம். இதை ஊருக்கு நடுவில் நின்று எல்லார் கண்ணிலும் குத்துகிறாற்போலக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

"எழுந்திரு. சட்டைய போடு. ராயபுரத்து பாயாண்ட போய்க் கேப்போம்."

சௌக்கத் அலி, சுப்புராயனுக்கு அந்த ரிவால்வரை விற்றவர். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. மங்கை தோட்டாவை மேசைமேல் வைத்ததுமே அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சுப்புராயன் நடந்ததை எல்லாம் சொன்னார்.

"இத இங்க கொண்டாந்ததே தப்பும்மா. உங்க லைசென்சுல இது கெடையாது."

"இதுவும் முப்பத்திரெண்டுதான பாய்?" என்றாள் மங்கை.

"எங்கூட்டு பக்கத்துல ரெண்டு பேரு இருக்காங்க, ரெண்டு பேரும் ஆறடி. ஒருத்தன் சட்டைய இன்னொருத்தன் போட முடியுமா?" அவர் ஒரு பழைய வெற்றுத் தோட்டாவை இழுப்பறையில் இருந்து எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். அது உயரமாக இருந்தது. "இது உங்க ரிவால்வரோடது. இதுல போற குண்டு தொண்ணூத்தெட்டு கிரெயின் எடை. நீங்க கொண்டாந்தது பிஸ்டலோடது, எழுபத்தொண்ணுதான். கிரெயின்னா தானிய மணி எடைன்னு வெச்சிக்கோங்க, பதினஞ்சு சேந்தா ஒரு கிராமு. பெட்டி மேல போட்டிருக்கிறது முழுத் தோட்டாவோட எடைன்னு நெனைக்கிறாங்க, இல்ல. பறந்து போற குண்டோட எடை மட்டும்தான்."

"எடை கொறஞ்சதாலதான் வெடிக்கலியா?"

"எடையால இல்ல. எடை, இது வேற ஜாதின்னு காட்டிக் குடுக்கும், அவ்ளோதான். வெடிக்காததுக்கு காரணம் இங்க இருக்கு." அடிப்பக்கத்து விளிம்பை நகத்தால் தொட்டார். "ரிவால்வர்ல இந்த விளிம்புதான் தோட்டாவ பின்னாடி இழுத்துப் புடிச்சிகிட்டு நிக்கணும். இதுக்கு விளிம்பு சின்னது, மெலிசு. தோட்டா கொஞ்சம் முன்னால போயிடும். ஊசி வந்து தொடும், பலமா குத்தாது. ஒண்ணு ரெண்டு வெடிக்கலாம், வெடிக்காமலும் போவலாம். உள்ள மாட்டிகிட்டதும் அதாலதான். உள்ள போயிடுச்சுங்கறதுக்காக அது அதோட வூடு ஆயிடுமா?"

சுப்புராயன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எண்ணெய்த் தண்ணில ஊறின என் பழைய தோட்டா, பாய்? அத போட்டிருந்தா?"

சௌக்கத் அலி வெற்றுத் தோட்டாவை இழுப்பறைக்குள் திரும்பப் போட்டார். "அத கேக்காதீங்க."

"சொல்லுங்க."

"ஆறும் கெட்டிருக்காது. ரெண்டு மூணு வெடிச்சிருக்கும்."

வெளியே ரயில் ஒன்று தடதடத்துப் போனது. மங்கை தோட்டாவை விரலால் திருப்பிப் பள்ளம் தெரிய வைத்தாள்.

"இந்தப் பள்ளத்தக் காட்டினா இவரு அமுக்கினாருன்னு ஒத்துக்குவாங்களா பாய்?"

"ஒத்துக்குவாங்க. இது எந்தத் துப்பாக்கியோட ஊசின்னு கூட சொல்லிடுவாங்க. அப்பால, லைசென்சுல இல்லாத தோட்டா உனக்கு ஏதுன்னு கேப்பாங்க. குடுத்தவனும் உள்ள, வாங்கினவனும் உள்ள. போலீசு வர்றதுக்கு முந்தி தோட்டாவ மாத்தி வெச்சது தனி கேசு. கோழை இல்லன்னு இது சாட்சி சொல்லும்மா. சொல்லிட்டு, இவர ஜெயிலுக்கும் இட்டுகினு போவும். ரெண்டையும் சேத்துத்தான் செய்யும், ஒண்ண மட்டும் செய்யாது."

திரும்பும் பஸ் திருவொற்றியூரைத் தாண்டியது. சுப்புராயன் சொன்னார், "ஜெயிலுக்குப் போறதுக்கு நானு பயப்படல மே. பொன்ராசு சம்சாரம் பவுனு நம்புவாளான்னுதான். அவ நம்பினா நாளைக்கே டேசனுக்குப் போயி குடுத்துடுவேன். அவ நம்பலன்னா எதுக்கு?"

"நானு போய்க் கேக்கறேன்" என்றாள் மங்கை.

பவுனம்மாள், பொன்ராஜின் பெண்சாதி. கருவாட்டுக்காரி. இருபது வருஷம் மங்கையும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கூடை. இப்போது பவுனம்மாள் கூடையைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டாள். மங்கை போனபோது வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கியே குந்து. உள்ள வராத."

"வர்ல அக்கா. இத கையில வாங்கி பாரு. அது போதும்."

"இன்னாது, வலைக்குக் கோக்கற ஈயமா?"

மங்கை சொன்னாள். முதலாளியின் பெட்டி, லேசான தோட்டா, வெடிக்காத மூணு தடவை, மாற்றி வைத்த ஆறு, பாய் கடை, எல்லாம் சொன்னாள். பவுனம்மாள் நெத்திலியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"மூணு வாட்டி அமுக்கினாரா?"

"மெய்யாலுமே அக்கா. பள்ளத்தப் பாரு."

"பாத்தேன். நம்பறேன்."

மங்கைக்குக் கண் கலங்கியது. பவுனம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருடி, அழுவாத. அந்த வீடியோல எல்லாரும் உன் புருசனத்தான் பாத்தாங்க. நானு என் புருசனப் பாத்தேன். முன்னால போறதுக்கு முந்தி அவரு ஒரு வாட்டி திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் போனாரு. பின்னால துப்பாக்கி கீதுன்ற தைரியம். தெருவுல நாயி கொலச்சா என்னப் போய்ப் பாக்கச் சொல்ற மன்சன்டி அவரு. வெறுங்கையா இருந்திருந்தா ரெண்டு பேரும் ஓடியிருப்பாங்க. இந்நேரம் இங்க குந்திகினு நெத்திலி துன்னுகினு இருப்பாரு."

"அக்கா, அவருக்குத் தெரியாது அக்கா."

"லேசா இருந்துச்சுன்னு தெரிஞ்சிதான?"

மங்கை காய்கிற நெத்திலிமேல் வந்த காக்கையை விரட்டினாள்.

"கோழைன்னு நெனச்சிகினு இருந்தேன், அதுவே பரவால்ல. கோழை ஆண்டவன் செஞ்சது. திட்டித் தீத்துக்கலாம். இத எப்டி தீத்துக்கறது? லேசா கீதேன்னு ஒரு வாட்டி பாய்கிட்ட காட்டியிருந்தா? ராயபுரம் இன்னா, ரங்கூனா?"

"நாளைக்கி டேசன்ல குடுத்துட்டு உள்ள போறேன்றாரு."

"யாரக் கேட்டு?"

அந்த நேரத்தில் பவுனம்மாளின் மகள் நர்மதா வந்தாள். கழுத்தில் கிடங்கு ஆபீஸ் அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. மங்கையைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினாள். "அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பவுனம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பாத்த இல்ல? பி.காம் படிச்சிட்டு ரெண்டு வருசம் குந்திகினு இருந்துச்சு. காரியம் முடிஞ்ச மறுவாரம் முதலாளி வந்து இட்டுகினு போனாரு. சாவற வரைக்கும் வேலைன்னாரு. எதுக்கு இவ்ளோ எரக்கம்னு நானும் யோசிச்சிகினுதான் இருந்தேன். இன்னிக்கித்தான் புரிஞ்சிது." அவள் சிரித்தாள். "உன் புருசன் போயி அந்தாள மாட்டி வுட்டா கிடங்கு பூட்டிக்கும். என் பொண்ணு திரும்ப வூட்ல குந்தும். செத்தவரு எழுந்து வருவாரா? உன் புருசன் பேரு நல்லாவறதுக்கு என் பொண்ணு சோத்துல மண்ணா?"

"அப்ப அவரு காலத்துக்கும் கோழையாவே இருக்கணுமா அக்கா?"

"இருக்கட்டும். அவரு அமுக்கினது வெடிக்கல. இந்தக் கோழைப் பேராவது பிரயோசனப்படட்டும்."

சொல்லிக்கொண்டே பவுனம்மாள் தோட்டாவை முந்தானை முனையில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினாள்.

"அக்கா, அது ஒண்ணுதான் கீது."

"தெரியும். அதான் எங்கிட்ட இருக்கட்டும். என்னிக்காச்சும் அந்தாளு நர்மதாவ வேலைக்கி வராதன்னா, போயி அவன் மேசை மேல வெப்பேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச வேணாம்."

"வெச்சிருந்தா கேசுன்றாரு பாய்."

"தாலி அறுத்தவள இன்னாடி பண்ணுவாங்க? போ. இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போ."

வீட்டில் சுப்புராயன் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷூவுக்குக்கூடப் பாலிஷ் போட்டிருந்தார்.

"இன்னா சொன்னா?"

"நம்பிட்டா."

"அமுக்கினேன்னு?"

"ம்."

அவர் முகம் அவிழ்ந்தது. ஆடிக்குப் பிறகு அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. "போதும் மே. இனிமே எத்தினி வருசம் போட்டாலும் பரவால்ல. காலையில போறேன். குடு அத."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நம்பினாள் என்ற பாதியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை விழுங்கியிருக்கலாம். ஆனால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே. அப்படிக் கையை நீட்டி அவர் நின்றதைத்தான் ஊரே பார்த்தது.

"அது அவகிட்ட கீது" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பொன்ராஜ் திரும்பிப் பார்த்ததையும் சொன்னாள்.

சுப்புராயன் சட்டையைக் கழற்றினார். இஸ்திரி மடிப்பு கலையாமல் திரும்ப மடித்து வைத்தார்.

"அவளுக்காச்சும் தெரியுது இல்ல மே. அது போதும்னு வெச்சிக்கவா?"

"வெச்சிக்க."

ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னார், "போதல மே."

மறுநாள் காலை மங்கை நண்டுக் கூடையைப் பரப்பினாள். கடைசிக் கூடையில் பவுனம்மாள் கருவாடு அடுக்கிக்கொண்டிருந்தாள். நர்மதா ஆபீஸ் பைக்குள் எதையோ துழாவியபடி அவள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

உதயாவுக்கு இன்னும் வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. "இன்னா மங்கை, நேத்து துப்பாக்கிக் கடைப் பக்கம் உன்னியும் அவரையும் பாத்ததா சொல்றாங்க? புதுத் துப்பாக்கியா? பொட்டுவெடி வெச்சி சுடறதா?"

சிரிப்பு கிளம்பியது. கடைசிக் கூடையை நெருங்கும்போது மங்கை திரும்பி அங்கே பார்த்தாள். பவுனம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பு முடிச்சின் மேல் கை இருந்தது. அவளும் மங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்மதாவும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"விக்கத்தான் போனோம்" என்றாள் மங்கை, எல்லாருக்கும் கேட்கிறாற்போல. "அவருக்கு எதுக்குத் துப்பாக்கி? பட்டாளத்துல சமையக்கட்டுல கெடந்த ஆளு. வெங்காயம் உரிச்சிகினு இருந்தாரு. வெடிச்சத்தம்னா தீவாளிக்கே உள்ள போய்ப் படுத்துப்பாரு. அன்னிக்கி பயந்துட்டாரு. வெரலு வர்லியாம்."

முன்னைவிடப் பெரிதாய்ச் சிரித்தார்கள். நர்மதா தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பவுனம்மாள் முடிச்சில் இருந்து கையை எடுத்துக் கருவாட்டை அடுக்கினாள்.

"இத மொதல்லியே ஒத்துகினு இருந்தா" என்றாள் உதயா, தராசைத் துடைத்தபடி, "நாங்க இன்னாத்துக்கு இத்தினி நாளு பேசப் போறோம்?"